இடது முன் சக்கரம்

ஃபுஸ்காவின் வேகமானிக்கு
எஞ்சினைத் தெரியாது.
எஞ்சின் வண்டியின் வாலில் கிடந்து கத்துகிறது.
இடது முன் சக்கரம் சொல்வதுதான் சேதி.
மற்ற மூன்றையும் யாரும் கேட்பதில்லை.

ஜூலை. பைசாந்தூவில் இது குளிர்காலம்.
மாத்தே குடுக்கையை மட்கார்டு மேல் வைத்துவிட்டு
ஜாக்கி ஏற்றுகிறேன்.
எழுபத்து மூன்றாம் வருஷத்து வண்டி, வெளிறின பச்சை,
பாதி என்னுடையது,
பாதி அடுத்த வீட்டு வில்மார் பெந்தான்கூருடையது.
பகலில் நான் மருந்துக்கடைக்கு,
ராத்திரி அவன் ஆரஞ்சுக் கொட்டகைக் காவலுக்கு.
டாஷ்போர்டு பெட்டியில் கட்டம் போட்ட நோட்டு:
ந என்று ஒரு பத்தி, வ என்று ஒரு பத்தி,
ஓடிய கிலோமீட்டருக்குத் தக்க பெட்ரோல் காசு.
எட்டு வருஷம் சண்டை வந்ததில்லை.
புருஷன் பெண்டாட்டியாக இருந்திருந்தால் வந்திருக்கும்.

மே மாதம் முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.
கேபிள் அறுந்துபோச்சு நேலிதா, என்றான்.
அன்றிலிருந்து அவன் பத்தியில்
சுமார் இருபத்திரண்டு,
சுமார் இருபத்திரண்டு,
ஞாயிறுகூட.

புதுக் கேபிள் தொள்ளாயிரம் பெசோ.
வாங்கினால் திருப்பி எடுக்கமாட்டார்கள்.
முன்மூடியைத் திறந்து, இடுப்புவரை உள்ளே கவிழ்ந்து,
மீட்டரின் முதுகில் விரல் விட்டுத் திருகினேன்.
சொரசொரப்பான சின்ன நட்டு.
ஸ்பானர் வேண்டாம், கெட்டவார்த்தை நாலு போதும்.
கழன்றது.
கீழே வந்து சக்கரக் குல்லாவைப் பெயர்த்தேன்.
நடுவே தூசிமூடி, அதில் சதுரமாய் ஓர் ஓட்டை.
கேபிளின் சதுர முனை அதில் எட்டிப் பார்க்க வேண்டும்,
குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் அதைப் பிடித்திருக்க வேண்டும்.

பின் இல்லை.
முனை ஒரு விரற்கடை உள்ளே ஒதுங்கியிருந்தது,
கூப்பிட்டால் வருகிறேன் என்பதுபோல்.
உருவிப் பார்த்தேன்.
ஓர் இழைகூட அறவில்லை.

ஆஷ்ட்ரேயில், சில்லறைக்கு நடுவே, பின் இருந்தது.
நேராக.
பின் தானாக விழலாம்.
தானாக நிமிராது.

மட்கார்டின் உள்மடிப்பில் காய்ந்த செம்மண்,
அதில் ஒட்டிய யூகலிப்டஸ் இலை.
கொட்டகைக்குப் போகிற சாலை முழுக்கத் தார்.
ஆனால் திங்கள்தோறும் டாங்க் நிறைந்தே இருந்தது,
என் பங்கில் ஒரு சொட்டுக் குறையவில்லை.
களவு என்று சொல்ல வாய் வரவில்லை.
குடுக்கையில் தண்ணீர் ஆறிப்போயிருந்தது.
ஆறினதையே குடித்தேன்.

கிரீஸ் முழங்கைவரை வந்துவிட்டது, புதியதையே போட்டேன்.
மேல்பக்கம் ஒரு சாணுக்கு கிரீஸ் தடவக்கூடாது,
ஏறிப்போய் மீட்டருக்குள் புகுந்துகொள்ளும்.
வளைவு இறுகினால் முள் நடுங்கும்.
கடைசியில் அதே பின்னைச் செருகினேன்.
இரண்டு காலையும் மடக்குவதுதான் முறை, தெரியும்.
ஒரு காலை மட்டும் மடக்கினேன்.

ஆற்றங்கரைச் சாலையில் ஒரு சுற்று.
முள் எழுந்தது, நாற்பதில் தயங்கியது, நின்றது.
கடைசி இலக்கம் உருண்டது,
மே மாதம் விட்ட இடத்திலிருந்து,
நடுவில் எங்கேயும் போகாத மாதிரி.

நோட்டில் எழுதினேன்: கேபிள், 900.
முழுவதையும் வ பத்தியில்.

திங்கட்கிழமை காலை
சீட்டின் மேல் ரப்பர் பேண்டு போட்ட நோட்டுகள்.
எண்ணினேன். தொள்ளாயிரம்.
பாதி ஏன் இல்லை என்று அவன் கேட்கவில்லை.
அன்றைய வரியில் இருபத்திரண்டு, சுமார் இல்லாமல்.

வியாழக்கிழமை
அறுபத்தேழு.
எங்கே என்பதற்கு
அந்த நோட்டில் பத்தி கிடையாது.